இரண்டாவது சீட்டு

பெனிஷே துறைமுகத்தில் மத்தி டப்பாத் தொழிற்சாலை.
நாற்பது பெண்கள், நாற்பது கத்தரிக்கோல்,
தலையும் வாலும் நறுக்கித் தகரத்தில் அடுக்குகிறோம்.
ஊரே மீன் நாறும்.
என் வாடையை
நான் மட்டும் பிரித்தறிவேன்.

இந்த வருடம் இது மூன்றாம் தடவை.
மாத்திரை போட்டால் போகும்,
அடுத்த மாதவிலக்கு முடிந்த கையோடு
வாடகை கேட்பவன் போல வந்து நிற்கும்.

கழுவினேன். வினிகர் ஊற்றிக் கழுவினேன்.
ஃபிலொமேனா கொடுத்த ரோஜா சோப்பால்
மீன்மேசையைத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.
"கழுவக் கழுவத்தான் வீடு காலியாகிறது.
உள்ளே குடியிருக்கும் நல்ல கிருமிகள்
வேண்டிய புளிப்பைத் தாமே காய்ச்சிக்கொள்ளும்.
வெளியே வெறும் தண்ணீர் போதும்.
உள்ளே எதையும் விடாதே."

பிறகு இரண்டு சீட்டு எழுதினாள்.
ஒன்றில் நான், டியோலிண்டா.
மற்றதில் வால்டெமார்.

"அவருக்கு ஒன்றுமில்லையே?"
"ஒன்றும் தெரியவில்லை"
என்று திருத்தினாள்.

மூன்று நாள் அதை ஏப்ரன் பையில் சுமந்தேன்.
எண்ணெய் ஊறி ஓரமெல்லாம் கண்ணாடியானது.

படகிலிருந்து வந்து அவன்
பூட்ஸ் கழற்றும் நேரம் பார்த்துச் சொன்னேன்.
சிரித்தான்.
பிறகு, "எவளையும் தொட்டவனில்லை நான்" என்று கத்தினான்.
யார் கேட்டது?
வலையில் ஒரு கண் அறுந்தால்
அறுத்தவனைத் தேடியா அலைவாய்,
ஊசியோடு உட்காரமாட்டாயா?

சூப்பைப் பேசாமல் குடித்தான்.

ஏழு நாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
களிம்பும் உண்டு, அதைக் கேட்டதும்
அவன் காது சிவந்தது.
ஒயின் கிடையாது. ஒரே கட்டிலில்
முதுகும் முதுகுமாய்.
நான்காம் நாளே எனக்கு வாடை போயிற்று,
மிச்சத்தை அலமாரியில் வைத்துவிடலாமென்று கை நீண்டது.
ஐந்தாம் நாள் கடலிலிருந்து போன்.
"போட்டாயா?"
அவ்வளவுதான் கேட்டான். பின்னால்
கடற்காகங்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தன.

மூன்று மாதவிலக்கு கடந்தாயிற்று.
இனி வராதென்று டாக்டரம்மா சத்தியம் செய்யவில்லை.
வந்தால் ஒளிக்காமல் வா என்றாள்.
ரோஜா சோப்பு தரை துடைக்கப் போய்விட்டது.

இன்று ஃபிலொமேனா
வழக்கத்துக்கு மாறாகக் கால்களை ஒடுக்கி,
யாருக்கும் எட்டாத கடைசி மேசையில்.

கத்தரியை வைத்துவிட்டு
என் முக்காலியை
அவள் பக்கம் இழுத்தேன்.