முப்பத்தொன்பது

பத்திரத்தில் பாதி எனக்கு, பாதி கொழுந்தன் வில்மாருக்கு.
எந்தப் பாதி என்று மெலோ ஊர் நோட்டரி எழுதவில்லை.
ஐம்பத்திரண்டாம் வருடத்து ஃபோர்டு பிக்கப்பை
நடுவில் அறுக்கவா முடியும்?
ஒரு மாதம் அவன் ஆட்டுரோமம் ஏற்றுவான்,
மறுமாதம் நான் தேன்பெட்டி.
சாவி மட்டும் வேலிக்கம்பியில் தொங்கிக் கைமாறும்.
பேசி இரண்டு வருடம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு.
பிரேசில்காரர்கள் அதில் கலக்கும் கரும்புச் சாராயம்
எழுபது வருடத் துருவைத் தட்டி எழுப்பிவிட்டது.
ஜூலை முப்பத்தொன்று, என் மாதத்தின் கடைசி நாள்,
மழையில், யாகுவரோன் பாலம் தாண்டியதும்
இருமி இருமி நின்றது வண்டி.
பெட்ரோல் முள் பாதியில்.
நிரம்பினாலும் வறண்டாலும்
அது பாதிதான் காட்டும்.

டிராக்டர் வைத்து இழுத்துவந்து சேர்த்தபோது
ஆகஸ்ட் பிறந்திருந்தது.
யார் மாதத்துச் செலவு?
அவன் பதில் சொல்லாமல் வண்டிக்கடியில் புகுந்தான்.
டாங்கியை ஒற்றை ஆளாய் இறக்க முடியாது.
நானும் புகுந்தேன்.

வடித்த பெட்ரோலில் வார்னிஷ் நாற்றம்.
வடிகட்டியில் ஊறிப்போன மாத்தே இலைபோலத் துரு.
தகர டப்பாவிலிருந்து பழைய நட்டுகளை
ஒவ்வொன்றாய் டாங்கிக்குள் போட்டான்.
எண்ண வேண்டியது என் வேலை.
இரண்டு வருடத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் வார்த்தை
'ஒன்று'.

நாற்பது போட்டோம். இருபது லிட்டர் வினிகர் ஊற்றினோம்.
பழைய போர்வையில் டாங்கியைத் தூளி கட்டி
ஆளுக்கொரு முனை பிடித்து ஆட்டினோம்.
உள்ளே ஆலங்கட்டி மழை.
இரண்டு நாள் ஆட்டினோம், இடையில் ஊறவிட்டோம்.
வெளியே வந்தது செங்கல் நிறத் தண்ணீர்.
பிறகு வெந்நீர் விட்டு அலச
டாங்கி வாய் வழியே நுரை பொங்கிற்று.

நுரையா?
"சோப்பு," என்றான்.
அடியில் ஒழுகியபோது சோப்புக்கட்டி தேய்த்து அடைத்தானாம்,
பெட்ரோலுக்குச் சோப்பு கரையாதாம்.
தொண்ணூற்றெட்டில். ஒரு நடனத்துக்குப் போகும் வழியில்.
"எல்பியோவிடம் சொல்லிவிடாதே."
சொல்லியே பழகிய வாய்.
இருவரும் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நட்டுகளைக் கொட்டி எண்ணினோம்.
முப்பத்தொன்பது.
கவிழ்த்தோம், குலுக்கினோம்,
காந்தத்தைக் கம்பியில் கட்டித் துழாவினோம்.
முப்பத்தொன்பது.
"நீ தப்பாக எண்ணினாய்," என்றான்.
"நீ இரண்டை ஒன்றாகப் போட்டாய்," என்றேன்.
அங்கே பிடித்தது சண்டை.
சவப்பெட்டிச் செலவு, ரோமம் விற்ற காசு,
அவன் நாய் கவிழ்த்த என் மூன்று தேன்பெட்டிகள்,
நான் போகாமல் விட்ட அவன் மகள் கல்யாணம்,
எல்லாம் வெளியே வந்தன.
நட்டு மட்டும் வரவில்லை.

வெயிலில் நான்கு நாள் காயவைத்து
இருட்டியதும் உள்ளே சின்ன டார்ச் இறக்கினோம்.
அடித்தகட்டில் ஏழு இடங்களில் வெளிச்சம் கசிந்தது.
ஆறு ஊசித்துளை.
ஏழாவது, சோப்பு இருந்த இடம், பயறு அகலம்.
சாக்கட்டியால் வட்டம் போட்டேன்.
மறுநாள் ஓட்டைகள் மேலே பார்க்கக் கவிழ்த்து,
ஆவி தங்க இடமில்லாமல் தண்ணீர் நிரப்பி,
தூரத்து அடுப்பில் செம்புக்கோலைக் காய்ச்சி
ஓடி ஓடி எடுத்துவந்து ஈயம் வைத்தான்.
ஊதாதே என்று திட்டினான்.
நான் ஊதவில்லை. மூச்சுதான் விட்டேன்.

பதினோராம் தேதி வண்டி கிளம்பியது.
அவன் மாதம், அவன் ஓட்டினான்.
மெலோவில் எனக்கும் வேலை இருக்கிறது என்று
பொய் சொல்லி ஏறிக்கொண்டேன்.
யூகலிப்டஸ் தோப்பை ஒட்டிய இடது வளைவில்
எங்கள் முதுகுக்குப் பின்னால்
எதுவோ நிதானமாக உருண்டுபோய்
டங் என்று முட்டியது.

சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்
"நாற்பது," என்றான்.

இப்போது செப்டம்பர். சாவி என்னிடம்.
இடது வளைவுகளில் மட்டும் அது உருள்கிறது.
வலது வளைவில் சத்தமே இல்லை.
அது எப்படித் திரும்பிப் போகிறதென்று
இன்னும் பிடிபடவில்லை.