கசிவு

இரவு இரண்டரைக்குத்தான் பிர்னோ நகரம் வாயை மூடும்.
கடைசி டிராம் பணிமனைக்குப் போய் வெகுநேரம் ஆயிற்று.
இனி ஸ்திஸ்லாவாவின் நேரம்.

தெரு நடுவே மண்டியிட்டு
வால்வு மூடியைத் திறந்து
இரும்புக் கோலை இறக்குகிறாள்.
மறுமுனை காதில்.
நான் வண்டியை அணைத்துவிட்டு நிற்கிறேன்.
மைனஸ் ஏழு.
மூக்கை உறிஞ்சக்கூட எனக்கு அனுமதி இல்லை.

"அதோ, மருந்துக்கடைப் பக்கம்.
ஒன்றரை மீட்டர் ஆழம்.
விரிசல் இல்லை, இணைப்பில்தான்.
ஜி-க்குக் கொஞ்சம் கீழே பாடுகிறது."

என்ன ஜியோ.
தோண்டுவேன். அங்கேதான் இருக்கும்.
பதினோரு வருடத்தில் இரண்டே முறை தவறினாள்.
இரண்டு முறையும்
யாரோ வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி.

வயோலா வாசிக்கவே பிறந்ததாக
இருபத்து மூன்று வயதுவரை நம்பியிருந்தாளாம்.
இசைக்கல்லூரியில் நான்கு வருடம்.
எந்த வாத்தியம் எத்தனை மயிரிழை பிசகுகிறதென்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்,
தன்னுடையதையும் சேர்த்து.
அதுதான் வினை.
காது இருந்தது. கை கொடுக்கவில்லை.
தேர்வாளர்கள் நன்றி சொல்லுமுன்பே
அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இதை நான் வீட்டில் சொன்னதற்குக் காரணம்
என் மகள் அபொலேனா
பள்ளியிலிருந்து கொண்டுவந்த காகிதம்.
இரண்டு கட்டங்கள்.
உனக்கு எது நன்றாக வரும்?
உனக்கு எது பிடிக்கும்?
வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்து.

முதல் கட்டத்தில் கணக்கு என்று எழுதியிருந்தாள்,
டாக்டரிடம் பல்வலியைச் சொல்வதுபோல.
இரண்டாவதில் நீச்சல்.
அந்த நீச்சலை நான் பார்த்திருக்கிறேன்.
மற்றவர்கள் தலை துவட்டி முடித்திருப்பார்கள்.
இவள் இன்னும் கடைசிச் சுற்றில்
தண்ணீரை அடித்துக்கொண்டு,
யாரும் போட்டியே வைக்காததுபோல் சிரித்துக்கொண்டு.

மளிகை ரசீதின் பின்பக்கம்
எனக்கும் இரண்டு கட்டம் போட்டுத் தந்தாள்.
"நீ எழுது பார்ப்போம்."

முதலாவது சுலபம்.
கல்மேல் வைத்த முட்டையை
மண்தோண்டியின் வாளியால்
ஓடு கீறாமல் எடுப்பேன்.
ஒரு பிறந்தநாளில் பந்தயம் கட்டி
எடுத்தும் காட்டினேன்.

இரண்டாவதில்
பேனாவை வைத்தபடியே இருந்தேன்.
மை ஊறி ஒரு புள்ளி விழுந்தது.
பத்தொன்பது வயதில் ஒரு வேலையைப் பிடித்தேன்.
பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது.
பிடிக்குமா என்று
இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றிரவு வண்டியில் ஸ்திஸ்லாவாவிடம் கேட்டேன்:
"உனக்கு இது பிடித்த வேலையா,
கிடைக்காததற்கு மாற்றா?"
தெர்மாஸ் மூடியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
கொஞ்சம் சிந்தியது.
"மாற்று! என் அம்மா இன்னும் உறவுக்காரர்களிடம்
நான் இசைத்துறையில் இருப்பதாகத்தான் சொல்கிறாள்."
இரண்டு மிடறு குடித்தாள்.
"வயோலாவில் எனக்குக் கேட்டதெல்லாம்
என் தப்பு மட்டும்தான்.
இங்கே தப்பு யாருடையதோ.
கீழே ஒரு குழாய் முனகுகிறது,
மேலே நாலு லட்சம் பேர் தூங்குகிறார்கள்,
எனக்கு மட்டும் தெரியும்.
இது பிடிப்பதா என்றால்…
பேசாதே ஓட்டகர். கேள்."

கேட்டேன்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
அவள் முகத்தில் மட்டும்,
கூட்டத்தில் யாரோ தன் பெயரைக் கூப்பிட்டதுபோல
ஒரு திரும்பல்.

காலை ஆறு மணிக்கு வீடு.
அபொலேனாவின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.
நீச்சலை அடிக்கவில்லை.
அதை முதல் கட்டத்துக்கு இழுக்கவும் இல்லை.
என் ரசீது சட்டைப் பையில் மடிந்து கிடக்கிறது,
ஒரு முட்டையும் ஒரு புள்ளியுமாக.

சனிக்கிழமை குளத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.
அவளுடைய நீச்சல் பையின் வார் அறுந்திருந்தது.
உட்கார்ந்து தைக்கத் தொடங்கினேன்.
ஊசியில் நூல் கோக்கையில்தான் கேட்டது,
சமையலறைக் குழாய் சொட்டுவது.
எத்தனை நாளாகச் சொட்டுகிறதோ.