இடமிருந்து வலமாக

ஜி.ஏ. ரோட்டில் என் ஃப்ளெக்ஸ் கடைக்கு
டாக்டர் ஞானவடிவு ஒரு படம் கொண்டுவந்தார்.
கரையான் அரித்த அட்டை. 1938.
'பழைய மாணவர் சந்திப்புக்கு, பத்துக்கு ஆறு அடி.
அந்த மேசையை மட்டும் எடுத்துருப்பா,
சாப்பாட்டு ஹால்ல மாட்டப் போறோம்.'

ஸ்கேனர் வெளிச்சம் ஒருமுறை ஊர்ந்து திரும்பியது.
பதினோரு பேர். கோட்டுக்குள் டை.
நாற்றத்துக்கோ பந்தாவுக்கோ
ஒருவன் உதட்டில் சிகரெட்.
ஒரே ஒரு பெண், முந்தானையை இறுக்கிச் செருகியவள்.
கத்தியைப் பேனாபோல் பிடித்திருக்கிறார்கள்,
கேள்வித்தாள் இன்னும் வராதவர்கள் மாதிரி.

அடியில் மைப்பேனாவில்:
இடமிருந்து வலமாக,
டி. வேதநாயகம், கே. ரங்கபாஷ்யம்...
கடைசியில் மிஸ் ஏ. சுகிர்தம்.
படுத்திருப்பவனும்
இடமிருந்து வலமாகத்தான் கிடக்கிறான்,
தலை வேதநாயகத்திடம், கால் சுகிர்தத்திடம்.
பெயர் இல்லை.
ஓரத்தில் வாளியோடு ஒரு பாதித் தோள்.
அதற்கும் இல்லை.

கறைகளைத் துடைத்துக்கொண்டே வந்தேன்:
பூஞ்சை, கீறல், ஈ எச்சம்.
அவன் முன்கையில் ஒன்று. மவுஸ் நின்றது.
நானூறு சதவீதத்தில்
கறுப்பாகத் தெரிந்தாலும் அது பச்சை.
முதலெழுத்தை விளக்கு வெளிச்சம் தின்றிருந்தது.
மிச்சம்: ஞ்சலை.

முதலெழுத்து எதற்கு?
இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு அஞ்சலை.
கேட்பாரற்ற உடல் என்று பதிந்திருப்பார்கள்.
கையிலேயே எழுதியிருந்ததை
யாரும் கேட்கவில்லை போல.

ஒரு சொடுக்கில் அழிந்துவிடும்.
அழிக்கவில்லை. அது ஒன்றும் பெரிய காரியமில்லை,
எப்படியும் வெட்டப் போகிற பாதி.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வேலை.
கோட்டை மேலே ஏற்றினேன்.
மேசை போனது, வாளி போனது, தோள் தப்பியது.
பதினோரு பேர் இடுப்புவரை.
கத்திகள் ஒன்றுமில்லாததன்மேல்.

கயிறு கட்ட நானே போனேன்.
எல்லாரும் கேமராவைப் பார்க்க
மிஸ் சுகிர்தம் மட்டும் கீழே பார்க்கிறாள்.
கீழே பந்தி. பிரியாணி, கத்தரிக்காய்.
'நம்ம தட்டையே பாக்குற மாதிரி இல்ல?'
என்றார் ஒரு வெள்ளை மீசை டாக்டர்,
நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டு.

ராத்திரி கடையில்
வெட்டிய கீழ்ப்பாதியைச் சேமித்தேன்.
பெயர் கேட்டது கம்ப்யூட்டர்.
'அஞ்சலை வீட்டுக்காரர்' என்று தட்டினேன்.
மகனாகவும் இருக்கலாம்.
தெரியாது.