எப்போது வந்தீர்கள்

வாசலில் கொடுக்கும் வரைபடத்தில்
கோட்டை நடுவில் நிற்கிறது.
நிஜத்தில் அது வடகிழக்கு மூலையில்,
சலவைக்கூடத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு.

ஏழு ஏரி என்று பெயர் வைத்த இடத்தில்
ஏரி ஒன்றுதான் இருந்தது.
மீதி ஆறும் மலைக்கு மண் எடுத்த பள்ளம்.
மலையும் மலையில்லை; உள்ளே
குளிர்பதன எந்திரங்கள் உறுமுகின்றன.
பனிச்சிகரத்திலிருந்து பாலைவனத்துக்கு
நூற்றுப்பத்துத் தப்படி,
நடுவே ஒரு பாப்கார்ன் வண்டி.
திணை மயங்கிக் கிடக்கும் நிலம்.
ஃபுளோரிடாவின் புழுக்கமும் கொசுவும் மட்டும்
எல்லாத் திணைக்கும் பொது.

நெர்லாந்த் இதைக் காலால் படித்தாள்.
முதல் வாரம்
கழிப்பறை எங்கே என்று கேட்டவர்களைக்
கடற்கொள்ளையர் கப்பலுக்கு அனுப்பினாள்.
அடுத்த வாரம்
ரயில் வலமாகச் சுற்றுகிறது, பேருந்து இடமாக,
இரண்டும் ஒரே ஒரு நிறுத்தத்தில்தான்
முகம் பார்த்துக்கொள்கின்றன என்பது பிடிபட்டது.
அதற்குள் எலியேசர் அவளைக்
கார் நிறுத்தத்துக்கு மாற்றிவிட்டான்.

பன்னிரண்டாயிரம் கார்.
நான்கு பிராணி: ஆமை, நாரை, முதலை, ஆந்தை.
"இங்கே இருப்பதிலேயே பெரிய இடம் இதுதான்,
இதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை"
என்று சொல்லி
வரைபடத்துக்குப் பதில் ஒரு நோட்டைத் தந்தான்.

ஆமை இருபது வரை: 7.50க்கு நிறைந்தது.
நாரை 9: 9.05.
மழை. இருபது நிமிடம் ஆளில்லை.
முதலை 3: 9.40.

வாணம் வெடித்து ஓய்ந்த பின்
வருவார்கள்.
தோளில் தூங்கும் பிள்ளை,
மணிக்கட்டு வரை வழிந்து காய்ந்த நீல ஐஸ்.
சாவியைத் தலைக்கு மேல் தூக்கி
அழுத்தி அழுத்தி
எங்காவது ஒரு கார் கண் சிமிட்டாதா என்று.

அன்று ஒஹாயோக்காரர் ஒருவர்.
சாம்பல் வேன். ஏதோ பறவை, என்றார்.
பறவையே கிடையாது, செதில் பார்த்தேன், என்றாள் மனைவி.
போட்டோ எடுக்கச் சொன்னேனே, என்றாள் பத்து வயசு.
வாயை மூடு என்றவர்
பிறகு தன் வாயையும் மூடிக்கொண்டார்.

நெர்லாந்த் எங்கே என்று கேட்பதில்லை.
எங்கே என்றால் யாரோ ஒருவர் மேல் தப்பு.
"எப்போது வந்தீர்கள்?"

மூவரும் யோசித்தார்கள்.
மழை அப்போதுதான் விட்டிருந்தது.
வைப்பர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
ஒரு கொக்கு, என்றாள் பெண்,
நிஜக் கொக்கு, என் உயரம்,
ரோட்டைக் கடந்தது.
அது போகும்வரை அப்பா ஹாரன் அடிக்கவில்லை.

அதுதான் பறவை, என்றார் அவர், மெதுவாக.

முதலை 4, வலக்கோடி.
வேன் இரண்டு தடவை மஞ்சளாகச் சிமிட்டியது.

நெர்லாந்த் விடுதிக்குத் திரும்ப இரண்டு மணி.
நெடுஞ்சாலையோரம், நீச்சல்குளத்தை மூடிப்போட்ட விடுதி.
இருபத்தெட்டு நாளுக்கொரு முறை
அறை மாற வேண்டும் என்பது மேலாளர் கட்டளை.
ஒரே அறையில் இருந்தால்
குடியிருக்கிறேன் என்று சொல்லிவிடுவாளாம்.

அட்டையைச் செருகினாள். சிவப்பு.
துடைத்துச் செருகினாள். சிவப்பு.
உள்ளே யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.
இது போன மாதத்து 214.

பின்வாங்கி விளக்கடியில் நின்று,
தொழில் பழக்கம்,
கேட்டுக்கொண்டாள்:
எப்போது வந்தாய்?

பதினோரு அறைக்கு முன்னால்.

உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்த எண்
வியர்வையில் கரைந்து
முதல் 1 மட்டும் மிச்சம்.
படியிறங்கினாள்.
ஒன்றில் தொடங்கும் கதவுகள்
கீழே பதினெட்டு.