அரைப் பேர்

கொட்டகலையில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மூன்று மணிக்குப் பிடித்த மழை விடவில்லை.
டொங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்,
அப்போதுதான் இரண்டு கோடாவது காட்டும்.

ஏழு பேர்ச் காணிக்கு விண்ணப்பப் படிவம்.
அதன் வாசலில் நிற்கிற பங்ஷனை
போன கிழமை நான்தான் எழுதினேன். பதினொரு வரி.
முன்னும் பின்னும் தொங்கும் வெற்றிடத்தை நறுக்கும்.
இரட்டை இடைவெளியை ஒற்றையாக்கும்.
தொலைபேசி எண்ணின் முதல் பூச்சியத்தைக் கழற்றி
தொண்ணூற்று நான்கை மாட்டும்.
எழுத்தல்லாத எதுவும் பெயருக்குள் நுழையக் கூடாது.

உள்ளே வருவது எதையும் நம்பாதே:
முதல் வேலையில், முதல் நாள் சொன்னது.
தப்பில்லை. ஒரு மேற்கோள் குறி போதும்,
அட்டவணை மொத்தமும் குப்புற விழ.
கோண அடைப்புக்குள் ஒளிந்திருந்த கட்டளையை
நானே ஒருமுறை பிடித்திருக்கிறேன்,
யாரோ ஒருவருடைய முகவரிக்குள்.

அதனால் வெட்டினேன்.

இன்று மேற்பிரிவிலிருந்து வந்த
இருநூற்றுப் பன்னிரண்டு பேரை
ஒரே மூச்சில் ஓடவிட்டேன். பிழை இல்லை. எல்லாம் பச்சை.
முதல் வரிசையைத் திறந்தேன்.

ரா. முத்துப்பேச்சி என்று கொடுத்திருந்தாள்.
ர மததபபசச என்று கிடந்தது.

வாய்விட்டு வாசித்தேன்.
தடிமன் பிடித்தவன் யாரையோ கூப்பிடுவது போல இருந்தது.
கொம்பு இல்லை, கால் இல்லை,
தலைக்கு மேல் ஒரு புள்ளி இல்லை.
நான் எழுதிய விதிக்குத் தகரம் எழுத்து.
அதன் மேல் உட்கார்ந்திருக்கும் புள்ளி
அழுக்கு.

"இங்கிலீஷ் பெயர் முந்நூறு போட்டுப் பார்த்தோமே,
ஒன்றும் உடையலையே" என்றாள் ரிஸ்னா, கொழும்பிலிருந்து.

முத்துப்பேச்சிக்கு இது புதிதாக இராது.
மடுவத்தில் தராசு பதினெட்டு காட்டும்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு,
கழித்தது போகப் பதினைந்து.
பதினெட்டு நிறைந்தால் முழுப் பேர்.
நிறையாவிட்டால் அரைப் பேர்.
எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
பள்ளிக்கூடம் விட்டு வந்து
கணக்குச் சொல்பவரின் உதட்டையே பார்த்தபடி
அந்த வாசலில் நானும் நின்றிருக்கிறேன்.

திருத்தம் என்னவோ ஒரு சொல்தான்.
எழுத்துகளை அனுமதி என்ற இடத்தில்
குறிகளையும் என்று சேர்த்தேன்.
ஓடியது.
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
வெட்டுகிற வரியையே அழித்தேன்.
வந்தது வந்தபடி உள்ளே இருக்கட்டும்.
தரவுத்தளத்துக்குக் கேள்வியை ஒரு கையிலும்
பெயரை மறு கையிலும் கொடுத்தால் போதும்,
நஞ்சு அங்கே வெறும் எழுத்து.
திரைக்குப் போகும்போது போர்த்தி அனுப்பலாம்.

கடைசிப் பெயர் கட்டத்தின் சிவப்பு நட்சத்திரத்தையும் பிடுங்கினேன்.
நூற்றெண்பது பேர் அதற்குள்
'இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.
படிவம் அவர்களை மரியாதையோடு
'வணக்கம், திருமதி இல்லை' என்று வரவேற்றுக்கொண்டிருந்தது.

ஏழரைக்கு அவளே அழைத்தாள்.
"தங்கச்சி, பேரு விழுந்துருச்சா?"
"விழுந்துருச்சுக்கா."
"முழுப் பேரா?"

எண்ணிப் பார்த்தேன்.
மேலே மூன்று புள்ளி. ரா-வுக்குப் பின்னால் ஒன்று.
"முழுப் பேருதான்."

வீதியின் பெயர் என்ற கட்டம் மட்டும்
இன்னும் சிவப்பாகவே நிற்கிறது.
லயம் நான்கு, காம்பரா ஏழு என்று போட்டால்
செல்லாது என்கிறது.
அந்த விதியை எழுதியது நானில்லை.
யாரென்று ரிஸ்னாவிடம் கேட்டிருக்கிறேன்.
செய்தி இன்னும் போகவில்லை,
கம்பியில் டொங்கிள் ஆடுகிறது.