விலை உறை பிரிக்கும் முன்

மூன்று உறைகள் மேசையில்.
ஊருணி வரத்துக்காலோரம்
மழைநீர் இறங்க இருபது குழி.
"குறைஞ்ச தொகை யாருதுன்னு பாத்தா முடிஞ்சுது"
என்றார் துணைத்தலைவர்.
நாலாம் வார்டு அடைக்கலமேரி
குடத்தோடு என் வண்டியில் ஏறிவிட்டாள்.

புதுவயல் சாலையில், வயிரவன் அன் கோ
மூன்று வருடம் முன்பு போட்ட குழி.
மூடியில் திட்டம், மதிப்பீடு, தேதி,
எல்லாம் மஞ்சள் பெயின்ட்டில்.
ஊற்றினாள்.
எங்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு
அப்படியே நின்றது தண்ணீர்.
குச்சி விட்டேன்: ஒரு சாண்.
அதற்குக் கீழே யாரும் தொடாத செம்புராங்கல்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சேவுகன் போட்டது.
குடத்தை நிமிர்த்துவதற்குள் காலி.
"மொத மழையில அடைச்சுக்கிச்சு சார்" என்றார் வாட்ச்மேன்,
"சொன்ன மறுநாளே வந்து
சல்லியை அள்ளிக் கழுவிப் போட்டான்.
பில்லு கேக்கல."

மூன்றாவது ஆளின் விலாசத்தில்
பஞ்சர் கடை இருந்தது.

அப்புறம்தான் உறைகளைப் பிரித்தோம்.
சேவுகன் நாற்பதாயிரம் கூடுதல்.
தணிக்கையில் கேட்பார்கள்,
பதில் சொல்லவேண்டியவன் நான்.
தீர்மானப் புத்தகத்தில்
'காரணம்' என்ற கட்டம் ஒரு விரல்கடை அகலம்.
தண்ணீர் ஊற்றிப் பார்த்தது, என்று எழுதினேன்.

துணைத்தலைவர் இன்னும்
பேனா மூடியைத் திறக்கவில்லை.
குடத்தை அவர் முன்னால் வைத்திருக்கிறாள் மேரி.
அடியில் ஈரம் பரவி
வயிரவனின் உறையைத் தொடுகிறது.