பன்றிக்குக் கண் மின்னாது

நெற்றி விளக்கை அணைத்துவிட்டுப்
பத்து நிமிஷம் சும்மா நிற்கவேண்டும்.
முதலில் இருட்டு மட்டும்.
பிறகு ரப்பர் மர வரிசை,
கறுப்புக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பாக.
அதற்கும் பிறகுதான்
மூக்கு வேலைக்கு வரும்.

வனக்காவலர் சுயம்பு தந்த தாளில்
ஐந்து கட்டங்கள்:
தேதி, நேரம், எண்ணம், குட்டி உண்டா, வந்த வழி.
தை பிறந்ததும் துப்பாக்கிக்காரர்கள் வருவார்களாம்.
அதற்குள் வழி தெரியவேண்டும்.
"எப்பிடியும் ரெண்டு மணிக்கு எழும்புறவ
நீதானே ரோஸ்லெட்டு" என்றார்.
ஆமாம், நான்தான்.
கடையாலுக்கு மேலே
ஓடை தெரியாமல் சத்தம் மட்டும் கேட்கிற சரிவில்
முந்நூற்றிருபது மரம்,
இலை உதிரும்வரை வெட்டு உண்டு.

முதல் ராத்திரி
விளக்கைப் போட்டதும் இரண்டு பச்சைப் பொட்டுகள்.
நரி.
என்னைக் கொஞ்சம் பார்த்தது,
அவசரமில்லாமல் திரும்பிப் போனது.
பிறகு பாறைப் பக்கமிருந்து ஊளை.
ஒன்று ஊளையிட்டால் நாலு போலக் கேட்கும்.
நல்லவேளை,
தாளில் நரிக்குக் கட்டமில்லை.

பன்றிக்குக் கண் மின்னாது.
வெளிச்சத்தில் சேற்று நிறமாய் ஒரு மேடு தெரியும்,
மேடு நகர்ந்தால் பன்றி.

புரட்டாசியில் இருநூறு மூடு மரச்சீனி போயிற்று.
தின்றது பாதி.
மீதியைச் சும்மா புரட்டிப் போட்டிருந்தன,
எதையோ தேடிப் பெட்டியைக் குடைந்த பிள்ளைகள்போல.
அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகளைப்
போதகர் கேட்டிருந்தால்
திருவிருந்து தந்திருக்க மாட்டார்.
சுட்டால் சுடட்டும் என்று அன்றே சொன்னேன்.
இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் ராத்திரி மழை.
பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்கள்
காற்றில் படபடத்தன.
எண்ணம்: பூஜ்யம்.
மூன்றாம் ராத்திரி காய்ச்சல், போகவில்லை.
அதையும் எழுதினேன்.

நாலாம் ராத்திரி
நனைந்த சாக்கும் பழைய ஒட்டுப்பாலும்
கலந்த ஒரு நாற்றம்
எனக்கு முன்னால் நின்றது.
கத்தியைக் கூடைக்குள் வைத்தேன், சத்தமில்லாமல்.
இடக்காது கிழிந்த பெரியவள் முன்னே,
பின்னால் நாலு பேர்,
அவர்களின் கால்களுக்கிடையே
முதுகில் அணில்கோடு போட்ட குட்டிகள்.
எண்ணம்: பதினொன்று.
குட்டி உண்டா: உண்டு, ஆறு.
ஆறு என்பதை
முதலில் ஐந்து என்று எழுதி, அடித்து, எழுதினேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

விடிந்ததும் தடம் பார்க்கப் போனேன்,
ஐந்தாவது கட்டத்துக்காக.
பாறையில் தொடங்கி ஓடையைத் தாண்டி
நாற்பதாவது மரத்தில் இடப்பக்கம் திரும்பியிருந்தன.
அங்கே குளவிக்கூடு, நானும் திரும்புவேன்.
விழுந்த அயனிமரத்தை அவை சுற்றிப் போன பக்கம்
நான் சுற்றிப் போகிற பக்கம்.
ஈர மண்ணில்
என் செருப்புத் தடத்துக்குள் குளம்பு.
இரண்டடி தள்ளி
குளம்புத் தடத்துக்குள் என் செருப்பு.
எட்டு வருஷமாய்ப் புல்லை மிதித்து மிதித்து
நான் போட்ட வழி
அவற்றுக்கு வசதியாக இருந்திருக்கிறது.
வேறென்ன.

சுயம்புவுக்கு ரொம்பச் சந்தோஷம்.
படத்தில் விரலை ஓட்டி
"இந்தப் பாறையில ஒருத்தன் இருந்தா போரும்" என்றார்.
விரல் நின்ற இடத்தைப் பார்த்தேன்.
அங்கிருந்து பார்த்தால்
கீழே வருகிற எதுவும் மரங்களுக்கிடையே
விட்டுவிட்டுத் தெரியும்.

தாளைத் திரும்ப வாங்கினேன்.
கட்டங்களுக்குக் கீழே, இடமில்லாத இடத்தில்
எழுதினேன்:
மூணு மணிக்கு இந்த வழியில் ஒரு விளக்கு வரும்,
அது நான்.
அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.
"பன்னிக்கு ஏது பிள்ளே விளக்கு?"
நான் அடிக்கோடு போட்டேன்.
பிறகு, பேனா சரியாக எழுதாததால்,
இன்னொன்று.

இன்றைக்கு நாற்பதாவது மரத்தை வெட்டும்போது
பால் கோட்டில் இறங்கிச் சிரட்டைக்கு வருகிறவரை
பாறையையே பார்த்திருந்தேன்.
யாருமில்லை.
மார்கழி இன்னும்
நாலு நாள் இருக்கிறது.